நான்கு ஏவுதளங்கள்

அரிசோனாவின் டூசான் நகரிலிருந்து மெக்சிகோ எல்லையை நோக்கித் தெற்கே செல்லும் நெடுஞ்சாலையில் அரை மணி நேரம் போனால் சவரீட்டா என்னும் ஊர் வரும். அங்கே பாலைநிலத்தில், கம்பிவேலிக்குள், சோவியத் ஒன்றியத்துடனான பனிப்போர்க் காலத்தில் அமெரிக்கா நிறுத்தியிருந்த டைட்டன் 2 அணு ஏவுகணையின் பழைய குழி ஒன்று அருங்காட்சியகமாகப் பாதுகாக்கப்பட்டிருக்கிறது. ஐம்பத்தைந்து படிகள் இறங்கி, கனத்த இரும்புக் கதவுகளைத் தாண்டி, கட்டுப்பாட்டு அறைக்குள் போகிறோம். அணுகுண்டு அதிர்ச்சியைத் தாங்குவதற்காக அந்த அறை முழுவதையும் பெரிய சுருள்வில்களில் தொங்கவிட்டிருக்கிறார்கள். சிவப்பு வண்ணப் பெட்டகம் ஒன்றில் இரண்டு பூட்டுகள். ஏவுவதற்கான இரண்டு சாவித்துளைகளும் ஒருவரே ஒரே நேரத்தில் எட்ட முடியாத தொலைவில் இருக்கின்றன. சாவிகள் திருப்பப்பட்ட 58 நொடிகளில் ஏவுகணை குழியை விட்டுக் கிளம்பிவிடும் என்று வழிகாட்டி சொன்னார். 103 அடி உயரமுள்ள அந்த ஏவுகணையின் தலையில் இருந்தது 9 மெகாடன் குண்டு. ஹிரோஷிமாவில் போடப்பட்டதைப் போல ஏறத்தாழ 600 மடங்கு. அது எந்த ஊரின்மேல் விழும் என்பது அங்கே பணியிலிருந்த நால்வரில் ஒருவருக்கும் தெரியாது. இலக்கு ஒன்று, இலக்கு இரண்டு, இலக்கு மூன்று என்ற பொத்தான்கள் மட்டுமே அவர்களுக்குத் தெரியும்.

சென்ற குளிர்காலத்தில் அங்கே என்னுடன் வந்தவர் என் பழைய அலுவலகத்தில் எனக்கு மூத்தவராக இருந்து ஓய்வு பெற்ற பொறியாளர். ஹங்கேரியில் பிறந்தவர். 1956இல் அங்கே எழுந்த மக்கள் கிளர்ச்சியை சோவியத் டாங்கிகள் நசுக்கியபோது, ஒன்பது வயதில் பெற்றோருடன் ஆஸ்திரிய எல்லையைக் கடந்து, நியூ ஜெர்சியின் கேம்ப் கில்மர் அகதிகள் முகாம் வழியாக அமெரிக்காவுக்கு வந்தவர். வெளியே வந்து காரில் ஏறும்போது அவர், "இவை இருந்ததால்தான் நாங்கள் இரவில் நிம்மதியாகத் தூங்கினோம்" என்றார். நான் பல ஆண்டுகளாகச் சேர்த்து வைத்திருந்த பதிலை உடனே சொன்னேன். இந்தக் குழிகளைத் தோண்டத் தொடங்கியது 1960இன் இறுதியில். அப்போது அமெரிக்காவைத் தாக்கக்கூடிய சோவியத் ஏவுகணைகளுக்கு இருந்த போர்க்கால ஏவுதளங்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவை. வட ரஷ்யாவின் பிளெசெட்ஸ்க் காட்டில் இருந்தவை நான்கே நான்கு. இல்லாத எதிரிக்காக இவ்வளவு பணத்தை மண்ணுக்குள் புதைத்தார்கள் என்றேன். அவர் மறுத்துப் பேசவில்லை. நகரத்துக்குள் நுழைந்த பிறகுதான் வாய் திறந்தார். "உங்கள் எண்ணிக்கை சரியாகவே இருக்கலாம். ஆனால் நவம்பர் 4ஆம் தேதி காலையில் எங்கள் தெருவுக்குள் வந்தவற்றை நான் எண்ணிப் பார்க்கவில்லை."

அன்றிலிருந்து அந்த இரண்டு வாக்கியங்களும் என்னை விடவில்லை. நான் சொன்னது உண்மை. அவர் சொன்னதும் உண்மை. கம்யூனிசம் ஒரு ராணுவ அச்சுறுத்தலாக இருந்ததா, அதற்காக அவ்வளவு செலவு செய்தது நியாயமா என்ற கேள்விக்கு எங்கள் இருவரிடமும் பதில் இருந்தது. ஆனால் என் பதில் அவருடைய அனுபவத்தைத் தொடவில்லை. அவருடைய பதில் என் எண்ணிக்கையைத் தொடவில்லை. ஏன் அப்படி என்று யோசிக்கத் தொடங்கியதன் விளைவுதான் இந்தக் கட்டுரை.

என்னுடைய சாய்வை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். மாஸ்கோவில் தமிழில் அச்சிடப்பட்டு, நியூ செஞ்சுரி புத்தக நிலையத்தின் வழியாக மிகக் குறைந்த விலைக்கு வந்த சிறுவர் நூல்களைப் படித்து வளர்ந்தவன் நான். பனிக்காடும் சமோவாரும் எனக்குத் தெரிந்த ரஷ்யா. அந்த நாடு யாரையும் பயமுறுத்தும் என்பதை மனம் ஏற்க மறுத்தது. பிற்காலத்தில் அமெரிக்காவின் பாதுகாப்புச் செலவைப் பற்றிய வரலாறுகளைத் தேடிப் படித்தபோது, அந்தப் பழைய பாசத்துக்குச் சான்று கிடைத்த மகிழ்ச்சியோடுதான் படித்தேன் என்பதை இப்போது உணர்கிறேன்.

எண்ணிக்கைகள் பிறந்த விதம்

1950 ஏப்ரலில் அமெரிக்க வெளியுறவுத் துறை அதிகாரி பால் நிட்ஸேயின் தலைமையில் எழுதப்பட்ட தேசியப் பாதுகாப்புக் கவுன்சிலின் 68ஆம் எண் ஆவணம்தான் இந்த விவாதத்தின் தொடக்கம். சோவியத் ஒன்றியத்திடம் 1954 நடுவில் 200 அணுகுண்டுகள் இருக்கும், அந்த ஆண்டே பேராபத்தின் ஆண்டு என்று அது வாதிட்டது. எவ்வளவு பணம் வேண்டும் என்ற தொகையை மட்டும் எழுதாமல் விட்டது. அதற்கு நான்கு ஆண்டுகளுக்கு முன் மாஸ்கோவிலிருந்து அனுப்பிய நீண்ட தந்தியின் மூலம் சோவியத்தைக் கட்டுப்படுத்தி வைக்கும் கொள்கைக்கு வித்திட்டவர் அமெரிக்கத் தூதரக அதிகாரி ஜார்ஜ் கெனன். அவரே இந்த ஆவணத்தின் போக்கை ஏற்கவில்லை. ஸ்டாலின் மேற்கு ஐரோப்பாவின்மேல் படையெடுக்கத் திட்டமிடவில்லை, போரில் நொடித்துப்போன நாடுகளின் சோர்வைப் பயன்படுத்தி அரசியல் வழியில் உள்ளே வருவதுதான் உண்மையான ஆபத்து என்பது அவருடைய கணிப்பு. அந்தக் கணிப்பின்படி பார்த்தால், பொருளாதார உதவியால் ஐரோப்பாவை நிமிர்த்திய அமெரிக்காவின் மார்ஷல் திட்டமே தலைசிறந்த பாதுகாப்புச் செலவு.

1950 ஜூன் 25இல் கொரியப் போர் வெடித்தது. அதற்கு முன் அமெரிக்க அதிபர் ட்ரூமன் பாதுகாப்புக்கென்று கேட்டிருந்தது சுமார் 1,300 கோடி டாலர். 1951 நிதியாண்டு முடிவதற்குள் ஒதுக்கீடு சுமார் 4,800 கோடி டாலரை எட்டிவிட்டது. மார்ஷல் திட்டத்தின் நான்கு ஆண்டு மொத்தச் செலவே சுமார் 1,300 கோடிதான் என்பதை இதன் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். ஒரே ஆண்டில் கூடிய தொகை, ஒரு கண்டத்தையே மீட்டெடுத்த திட்டத்தைப் போல இரண்டரை மடங்குக்கும் அதிகம். 1953இல் அமெரிக்கப் பொருளாதாரத்தில் ஏறத்தாழ 14 விழுக்காடு பாதுகாப்புக்குப் போனது. கொரியாவை நான் முன்பெல்லாம் உள்நாட்டுச் சண்டை என்று ஒதுக்கிவிடுவேன். 1990களில் திறக்கப்பட்ட ரஷ்ய ஆவணங்கள் அதற்கு இடம் தரவில்லை. வட கொரியத் தலைவர் கிம் இல்-சுங் திரும்பத் திரும்பக் கேட்க, 1950இன் தொடக்கத்தில் ஸ்டாலின் சம்மதித்தார். மாவோவும் ஒப்புக்கொள்ள வேண்டும் என்ற நிபந்தனையை மட்டும் வைத்தார். உலகைப் பிடிக்கும் பெருந்திட்டம் எதுவும் அதில் தென்படவில்லை. ஆனால் வாய்ப்புக் கிடைத்தால் படையை ஏவத் தயங்காத மனம் தெளிவாகத் தென்படுகிறது.

அடுத்து வந்தவை, ஆயுத எண்ணிக்கையில் அமெரிக்கா பின்தங்கிவிட்டது என்று பயமுறுத்திய கற்பனை இடைவெளிகள். 1955இல் மாஸ்கோவின் துஷினோ விமானத் திருவிழாவில் கனரக குண்டுவீச்சு விமானங்கள் கூட்டம் கூட்டமாகப் பறந்தன. பறந்து மறைந்த விமானங்களே சுற்றி வந்து மறுபடியும் தலைக்கு மேல் பறந்திருக்கின்றன என்பது அப்போது கீழே நின்ற வெளிநாட்டுத் தூதரக அதிகாரிகளுக்குத் தெரியவில்லை. அமெரிக்காவைவிட சோவியத்திடம் குண்டுவீச்சு விமானங்கள் அதிகமாகிவிடும் என்ற அச்சம் வாஷிங்டனில் பரவியது. உண்மையில் அந்த மியாசிஷ்சேவ் ரக விமானங்கள் மொத்தமே நூறுகூடக் கட்டப்படவில்லை. 1956 ஜூலையில் யு-2 உளவு விமானங்கள் ரஷ்யாவின்மேல் பறக்கத் தொடங்கிய பிறகு அந்த அச்சம் தணிந்தது. ஆனால் 1957 அக்டோபர் 4இல் ஸ்புட்னிக் விண்ணில் ஏறியதும் அதே இடத்தில் ஏவுகணை இடைவெளி வந்து உட்கார்ந்தது. 1961 நடுவில் சோவியத் ஏவுதளங்களில் 140 முதல் 200 ஏவுகணைகள் வரை இருக்கும் என்று 1960இன் தொடக்கத்தில் அமெரிக்க உளவு அமைப்புகள் மதிப்பிட்டன. விமானப்படையின் மதிப்பீடு இதையும் தாண்டியது. ஜான் கென்னடி இந்த இடைவெளியையே தேர்தல் மேடைகளில் பேசினார்.

சோவியத் தலைவர் குருஷ்சேவ் இதற்கு எண்ணெய் ஊற்றினார் என்பதை நான் மறைக்கக் கூடாது. ஒரே தொழிற்சாலையில் ஓராண்டில் 250 ஏவுகணைகள் செய்ததாக 1959இல் அவர் பெருமை பேசினார். 1955 ஜெனீவா மாநாட்டில் அமெரிக்க அதிபர் ஐசனோவர், இரு நாடுகளும் ஒன்றின் வானத்தில் மற்றொன்று பறந்து படம் எடுத்துக்கொள்ளலாம் என்ற திட்டத்தை முன்வைத்தபோது, அது வெறும் உளவு வேலை என்று நிராகரித்தவரும் அவர்தான். திறந்து காட்டினால் கையில் ஒன்றும் இல்லை என்பது தெரிந்துவிடும். பலவீனத்தை மறைக்க அவர் கட்டிய பொய், எதிரியின் பட்ஜெட்டில் உண்மையான எண்களாக ஏறியது. அதே குருஷ்சேவ் 1960 ஜனவரியில் தன் படையில் 12 லட்சம் பேரைக் குறைப்பதாக அறிவித்தவர் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். ஏவுகணைகளைப் பற்றி மிரட்டியதன் நோக்கங்களில் ஒன்று, படைவீரர்களை வயலுக்கும் தொழிற்சாலைக்கும் திருப்பி அனுப்புவது.

இந்தக் கதையில் எனக்கு மிகவும் வருத்தம் தருபவர் ஐசனோவர். ஒரு கனரக குண்டுவீச்சு விமானத்தின் விலை முப்பதுக்கும் மேற்பட்ட நகரங்களில் ஒவ்வொரு பள்ளிக்கூடம் என்று 1953 ஏப்ரலிலேயே கணக்குப் போட்டுச் சொன்ன ஐந்து நட்சத்திரத் தளபதி அவர். ஏவுகணை இடைவெளிக்குச் சான்று இல்லை என்பதை யு-2 படங்களிலிருந்து அறிந்திருந்தார். ஆனால் படங்களை வெளியிட்டால் விமானங்கள் எல்லை மீறுவதை ஒப்புக்கொள்ள நேரும். தெரிந்ததைச் சொல்ல முடியாமல், பாதுகாப்பில் அசட்டையாக இருப்பவர் என்ற பழியை ஏற்றுக்கொண்டே பதவிக்காலத்தை முடித்தார். 1961 ஜனவரி 17இல் அவர் ஆற்றிய விடைபெறும் உரையில் ராணுவ-தொழில் கூட்டணியைப் பற்றி எச்சரித்ததை எல்லோரும் மேற்கோள் காட்டுகிறார்கள். அதே உரையில் எதிரியின் கொள்கை ஆபத்தானது, ராணுவ வலிமை தேவை என்றும் அவர் சொன்னார். அந்தப் பகுதியை நானும் பல ஆண்டுகள் தாண்டியே படித்திருக்கிறேன்.

1961 இலையுதிர்காலம்

என் நண்பருக்கு நான் சொன்ன அந்த நான்கு என்ற எண் வெளிப்பட்ட காலத்திடம் நான் திரும்பத் திரும்பப் போகிறேன். 1960 ஆகஸ்டில் கொரோனா உளவுச் செயற்கைக்கோள் முதல்முறையாகப் படச்சுருளைப் பூமிக்கு அனுப்பியது. அந்த ஒரு பயணத்தில் படமெடுத்த நிலப்பரப்பு, அதுவரை நடந்த எல்லா யு-2 பயணங்களும் சேர்ந்து எடுத்ததைவிட அதிகம். படங்கள் சேரச் சேர எண்கள் இறங்கின. 1961 ஜூன் மதிப்பீட்டில் சோவியத் ஏவுதளங்கள் 50 முதல் 100 வரை. மூன்றே மாதத்தில், செப்டம்பர் மதிப்பீட்டில், 10 முதல் 25 வரை. உண்மை அதற்கும் கீழே இருந்தது. பிளெசெட்ஸ்கில் இருந்த பிரம்மாண்டமான ஆர்-7 ஏவுகணைகளுக்கு எரிபொருள் நிரப்பித் தயார் செய்யவே பல மணி நேரம் பிடிக்கும். அக்டோபர் 21இல் துணைப் பாதுகாப்புச் செயலர் ராஸ்வெல் கில்பாட்ரிக், சோவியத் முதலில் தாக்கினாலும் அதன் பிறகு அமெரிக்காவிடம் எஞ்சும் வலிமை, சோவியத்தின் முதல் தாக்குதலுக்குக் குறைந்ததாக இருக்காது என்று வெளிப்படையாகவே அறிவித்தார். இடைவெளி இருந்தது உண்மைதான். அது அமெரிக்காவுக்குச் சாதகமான இடைவெளி.

அடுத்து நடந்திருக்க வேண்டியதை நான் பலமுறை மனத்தில் ஓட்டிப் பார்த்திருக்கிறேன். அச்சம் பொய் என்று தெரிந்த அன்று, அந்த அச்சத்துக்காகப் போட்ட திட்டத்தைத் திரும்ப எடைபோட்டிருக்க வேண்டும். நடந்தது வேறு. விமானப்படை ஆயிரக்கணக்கில் மினிட்மேன் என்ற புதிய ரக ஏவுகணைகள் கேட்டது. அணு குண்டுவீச்சுப் படையின் தலைவர் தாமஸ் பவர் பத்தாயிரம் வேண்டும் என்றார். வெள்ளை மாளிகை ஆலோசகர்களில் சிலர் சில நூறே போதும் என்று வாதிட்டார்கள். பாதுகாப்புச் செயலர் ராபர்ட் மக்னமாரா முடிவில் 1,000 என்ற எண்ணில் வந்து நின்றார். விமானப்படையும் காங்கிரசும் சகித்துக்கொள்ளக்கூடிய மிகச் சிறிய எண்ணாக அது அவருக்குத் தோன்றியது. 1967இல் அமெரிக்காவின் நிலத்தடிக் குழிகளில் 1,000 மினிட்மேனும், நாங்கள் போய்ப் பார்த்ததைப் போன்ற டைட்டன் 2 ஏவுகணைகள் 54உம் நின்றன. கண்ணால் பார்த்துத் தெரிந்துகொண்ட பின்பும் எண் குறையவில்லை என்பதே என்னை உலுக்குவது. தெரியாமல் செய்த தவறு என்றால் மன்னிக்கலாம். 1961 செப்டம்பருக்குப் பிறகு அந்தச் சமாதானம் செல்லாது.

அந்தக் குழிகளே வாங்கிய உயிர்களையும் கணக்கில் சேர்க்க வேண்டும். 1965 ஆகஸ்டில் ஆர்கன்சா மாநிலத்தின் சியர்சி அருகே ஒரு டைட்டன் குழியில் பராமரிப்பு வேலையின்போது பிடித்த தீயில் 53 தொழிலாளர்கள் இறந்தார்கள். 1980 செப்டம்பரில் அதே மாநிலத்தின் டமாஸ்கசில், கைதவறி விழுந்த ஒரு கருவி எரிபொருள் தொட்டியைக் கிழிக்க, குழியே வெடித்து 9 மெகாடன் குண்டு வெளியே தூக்கி எறியப்பட்டது. அது வெடிக்காததால் ஒரு மாநிலம் தப்பியது.

நண்பரின் தெரு

இவ்வளவையும் வரிசைப்படுத்தி எழுதி வைத்துக்கொண்டு நண்பரிடம் போயிருந்தால், அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு அதே வாக்கியத்தைத்தான் மறுபடியும் சொல்லியிருப்பார். ஹங்கேரியின் தலைநகர் புடாபெஸ்டுக்குள் வந்த டாங்கிகள் யாருடைய மதிப்பீட்டிலும் பிறக்கவில்லை. ஹங்கேரியை விட்டு ஏறத்தாழ இரண்டு லட்சம் பேர் வெளியேறினார்கள். அவருடைய குடும்பம் ஆஸ்திரிய எல்லையில் ஆண்டாவ் அருகே சதுப்பு நிலத்தின் குறுக்கே இருந்த சிறிய மரப்பாலம் வழியாகப் போனது. அவர்கள் கடந்த சில நாட்களில், நவம்பர் 21இல், சோவியத் படையினர் அந்தப் பாலத்தை வெடிவைத்துத் தகர்த்தார்கள். 1968 ஆகஸ்டில் அதே டாங்கிகள் செக்கோஸ்லோவாக்கியாவின் தலைநகர் பிராகாவுக்குள் நுழைந்தன. கிழக்கு ஜெர்மனியில் லட்சக்கணக்கான சோவியத் படையினர் கடைசிவரை நின்றார்கள்.

சோவியத் தற்காப்புக்காகவே ஆயுதம் ஏந்தியது என்று நான் நம்பி வந்ததற்கு 2005 நவம்பரில் ஒரு பலத்த அடி விழுந்தது. போலந்து அரசு தன் பழைய ராணுவ ஆவணங்களைத் திறந்தபோது, ஏழு நாளில் ரைன் நதியை அடைவதற்கான சோவியத் தலைமையிலான வார்சா கூட்டணியின் 1979ஆம் ஆண்டுப் பயிற்சித் திட்டமும் வெளியே வந்தது. அமெரிக்கா தலைமையிலான நேட்டோ கூட்டணி முதலில் அணுகுண்டு போட்டால் அதற்குப் பதிலடி என்ற சட்டகத்தில்தான் அது வரையப்பட்டிருந்தது. ஆனாலும் மேற்கு ஜெர்மனியின் நகரங்கள்மேல் வட்டமிட்டிருந்த அந்த வரைபடத்தைப் பார்த்த பிறகு, அப்படி ஒரு படை அங்கே இல்லை என்று யாரிடமும் வாதாட எனக்கு வாய் வரவில்லை. மதிப்பீடுகள் எப்போதும் மிகையாகவே இருந்தன என்ற என் இன்னொரு நம்பிக்கையும் நிற்கவில்லை. 1962 அக்டோபரில் கியூபாவில் சுமார் பத்தாயிரம் சோவியத் வீரர்கள் இருப்பதாக அமெரிக்கா நினைத்தது. நாற்பதாயிரத்துக்கும் மேல் இருந்தார்கள் என்பது 1989இல் மாஸ்கோவில் நடந்த மாநாட்டிலும், களத்தில் பயன்படுத்தும் சிறிய அணுகுண்டுகள் அங்கே வந்து சேர்ந்திருந்தன என்பது 1992இல் ஹவானாவில் நடந்த மாநாட்டிலும்தான் மக்னமாராவுக்கே தெரியவந்தது.

இந்த இடத்தில்தான் எங்கள் இருவரின் வாக்கியங்களும் ஏன் ஒன்றையொன்று தொடவில்லை என்பது எனக்குப் பிடிபட்டது. அவர் பேசியது ஐரோப்பிய நிலத்தில் நின்ற ஒரு படையைப் பற்றி. நான் பேசியது அரிசோனாவின் மண்ணுக்குள் நின்ற ஏவுகணைகளைப் பற்றி. அமெரிக்காவின் பாதுகாப்புச் செலவில் நீண்டதூர அணு ஆயுதங்களின் பங்கு ஒரு பகுதிதான். பெரும்பகுதி வீரர்களுக்கும் கப்பல்களுக்கும் விமானங்களுக்கும் மேற்கு ஜெர்மனியில் நின்ற படைப்பிரிவுகளுக்கும் போனது. ஆண்டாவ் பாலத்தைத் தகர்த்தவர்கள் ஆஸ்திரிய எல்லையில் நின்றுவிட்டார்களே, அதற்கு அந்தப் படைப்பிரிவுகளும் காரணம் என்று அவர் சொன்னால் நான் மறுக்க மாட்டேன். (அதற்கு முந்தைய ஆண்டில், 1955இல், உடன்படிக்கை ஒன்றின்படி சோவியத் படை ஆஸ்திரியாவிலிருந்து தானாகவே வெளியேறியது என்பதையும் அவரிடம் சொல்வேன், பேச்சுவார்த்தையால் பின்வாங்காத எதிரி என்ற சித்திரத்தோடு அது பொருந்தாது.) மேற்கு ஐரோப்பாவைக் காக்கச் செலவிட்ட பணத்தை இன்று நான் எதிர்க்கவில்லை. சோவியத் படைப்பிரிவுகள் 175 என்று மேடைகளில் பயமுறுத்தியதில் மிகை இருந்தது. அவற்றில் பல பாதி ஆளில்லாதவை, ஒரு சோவியத் படைப்பிரிவு அமெரிக்கப் படைப்பிரிவைவிட மிகச் சிறியது என்று மக்னமாராவின் ஆய்வாளர்களே பின்னர் கண்டறிந்தார்கள். மிகையைக் கழித்த பிறகும் எஞ்சியது பெரிய படைதான்.

ஆனால் புடாபெஸ்டின் டாங்கிகளைக் காட்டி 1,054 ஏவுகணைகளை நியாயப்படுத்த முடியாது. 1956இல் அமெரிக்காவிடம் ஆயிரக்கணக்கில் அணுகுண்டுகள் இருந்தன. என் நண்பரின் தெருவில் ஒரு டாங்கியைக்கூட அவற்றால் நிறுத்த முடியவில்லை. ஹங்கேரிக்காக உலகப் போரில் இறங்க ஐசனோவர் துணியவில்லை. துணியாதது சரி என்றே நினைக்கிறேன். அச்சுறுத்தல் என்ற ஒரே சொல் இரண்டையும் மூடிக்கொண்டிருந்தது. செனட் குழுவின் முன் அமர்ந்த தளபதி புடாபெஸ்டைப் பற்றிப் பேசிவிட்டு மினிட்மேனுக்குப் பணம் கேட்கலாம். அவரை எதிர்ப்பவர் ஏவுகணைக் கணக்கு பொய் என்பதைக் காட்டிவிட்டு, அதனால் எதிரியே இல்லை என்று சொல்லிவிடலாம். காரில் நான் செய்தது இந்த இரண்டாவது வேலையைத்தான்.

கூடிய விலையும் கூடாத ஆயுதமும்

பிற்காலத்து நிகழ்ச்சி ஒன்றை விட்டுவிட மனம் வரவில்லை; இந்த விவாதம் முழுவதும் அதற்குள் சுருங்கிக் கிடக்கிறது. சோவியத் ஒன்றியம் தன் மொத்த தேசிய உற்பத்தியில் 6 முதல் 8 விழுக்காடு வரை ராணுவத்துக்குச் செலவிடுகிறது என்று அமெரிக்க உளவு அமைப்பான சி.ஐ.ஏ. பல ஆண்டுகள் சொல்லி வந்தது. 1976இல் அதை 11 முதல் 13 விழுக்காடு என்று திருத்தியது. செய்தி வெளியானதும் எதிரி இரண்டு மடங்கு ஆயுதம் குவித்துவிட்டான் என்பது போன்ற பதற்றம் எழுந்தது. ஆனால் டாங்கிகள், விமானங்கள், ஏவுகணைகள் பற்றிய கணக்கில் எந்த மாற்றமும் இல்லை. அதே ஆயுதங்களைச் செய்ய சோவியத் தொழிற்சாலைகளுக்கு முன்பு நினைத்ததைவிட இரண்டு மடங்கு செலவாகிறது என்பதுதான் திருத்தத்தின் பொருள். அதாவது எதிரியின் பொருளாதாரம் நாம் நினைத்ததைவிட மோசம், ராணுவச் சுமையின் கீழ் அது மூச்சுத் திணறுகிறது என்பதற்கான முதல் பெரிய சான்று அது. பலவீனத்தின் சான்றைப் பலத்தின் சான்றாகப் படித்தார்கள்.

அதே ஆண்டில்தான் வரலாற்றாசிரியர் ரிச்சர்ட் பைப்ஸ் தலைமையில் பி அணி என்ற வெளியாட்கள் குழு சி.ஐ.ஏ.வின் மதிப்பீட்டை மறுஆய்வு செய்தது. நீர்மூழ்கிகளைக் கண்டுபிடிக்கும் புதிய சோவியத் கருவி எதற்கும் சான்று கிடைக்கவில்லை என்பதால் அப்படி ஒன்று இல்லை என்று முடிவு கட்டிவிட முடியாது என்ற அளவுக்கு அந்தக் குழுவின் வாதம் போனது. 1983இல் சி.ஐ.ஏ. மறுபடியும் கணக்கிட்டது. 1976 முதல் சோவியத் ராணுவச் செலவு ஆண்டுக்கு 2 விழுக்காடு அளவில்தான் கூடியிருந்தது. ஆயுதக் கொள்முதல் ஏறக்குறைய கூடவே இல்லை. அதற்குள் ரீகன் ஆட்சியின் பெரும் ஆயுதப் பெருக்கம் நடந்துகொண்டிருந்தது.

நடுவில் ஒன்றைத் தாண்டிவிட்டேன். 1961இல் பொய்யாக இருந்த ஏவுகணைக் கூட்டம் பத்தே ஆண்டில் மெய்யானது. 1962இல் கியூபாவில் வைத்த ஏவுகணைகளை அமெரிக்காவின் நெருக்கடியால் திரும்பப் பெற்று அவமானப்பட்ட சோவியத் தலைமை, இனி ஒருபோதும் இந்த நிலைக்கு ஆளாகமாட்டோம் என்று முடிவெடுத்து ஏவுகணைகளைக் கட்டியது. 1972இல் ஆயுதக் கட்டுப்பாட்டு ஒப்பந்தம் கையெழுத்தானபோது அமெரிக்காவின் 1,054 நிலத்தடி ஏவுகணைகளுக்கு எதிரே, கட்டி முடிக்காதவற்றையும் சேர்த்து, சோவியத்திடம் 1,600க்கும் மேல் இருந்தன. அமெரிக்காவின் 1,000 இல்லாவிட்டாலும் அவர்கள் கட்டியிருப்பார்கள் என்று வாதிடுகிறவர்கள் உண்டு. ஓரளவு கட்டியிருப்பார்கள். ஆனால் 1961 ஜூலையில் கென்னடி 325 கோடி டாலர் கூடுதலாகக் கேட்ட அதே மாதத்தில், குருஷ்சேவ் தன் படைக்குறைப்பை நிறுத்தி வைத்து ராணுவ பட்ஜெட்டை மூன்றில் ஒரு பங்கு உயர்த்தினார் என்பதைப் படிக்கும்போது, ஒவ்வொரு தரப்பும் எதிர்த்தரப்பின் வெறியர்களுக்கு உணவு ஊட்டி வளர்த்தது என்றே எனக்குத் தோன்றுகிறது. வயலுக்குப் போயிருக்க வேண்டிய அந்தச் சோவியத் வீரர்களை நினைத்துக்கொள்கிறேன்.

சென்ற மாதம் நண்பரை மதிய உணவுக்குச் சந்தித்தபோது இதையெல்லாம் சொன்னேன். ஜெர்மனியில் நின்ற படைக்கான செலவை ஏற்கிறேன், குழிகளுக்கான செலவை ஏற்கவில்லை என்றேன். அவர் ஒரே ஒரு கேள்வி கேட்டார். 1961 செப்டம்பருக்கு முன்னால், அந்தப் படங்கள் எதுவும் கையில் இல்லாத நிலையில், முடிவெடுக்க வேண்டியவனாக நீங்கள் இருந்திருந்தால் எத்தனை குழிகள் தோண்டியிருப்பீர்கள்? நான் உடனே பதில் சொல்லவில்லை. சில தோண்டியிருப்பேன் என்றேன் கடைசியில். எத்தனை என்று அவர் விடவில்லை. 54 டைட்டன் குழிகளுக்கு அன்று நானும் கையெழுத்துப் போட்டிருக்கக்கூடும், ஆனால் படங்கள் வந்த பிறகு 1,000 மினிட்மேனுக்குப் போட்டிருக்க மாட்டேன் என்றேன். "படங்கள் வந்த பிறகு" என்று அவர் மெதுவாகத் திருப்பிச் சொன்னார். பிறகு, அன்று சவரீட்டாவில் அந்த மூடியைக் கவனித்தீர்களா என்று கேட்டார்.

கவனித்திருந்தேன். குழியின் மேலே 760 டன் எடையுள்ள நகரும் மூடி ஒன்று இருக்கிறது. அதைப் பாதி திறந்த நிலையில், மேலும் நகர முடியாதபடி தடைக்கட்டைகள் வைத்து நிறுத்தியிருக்கிறார்கள். உள்ளே நிற்கும் ஏவுகணையின் தலைக்கூம்பில் ஒரு துளை வெட்டப்பட்டிருக்கிறது. இந்தக் குழி இனி வேலை செய்யாது என்பதை சோவியத் செயற்கைக்கோள்கள் மேலிருந்து பார்த்து உறுதி செய்துகொள்வதற்காக, இரு தரப்பும் ஒப்புக்கொண்டு செய்த ஏற்பாடு அது. ஜெனீவாவில் ஐசனோவர் கேட்டதும் குருஷ்சேவ் மறுத்ததும் இதைத்தான் என்று நான் சொல்லத் தொடங்கினேன். அவர் தலையசைத்தார். 1955இலேயே அதைச் செய்திருக்கலாம் என்றார். அப்போது தனக்கு எட்டு வயது என்றும் சொன்னார்.